புகையை உரமாக்கிய ஊரில் பழைய பேட்டரி

பேட்டரித் தெளிப்பான் வந்தபிறகு கையால் அடிக்கும் தெளிப்பானைத் தொடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். தோள்வலி குறைந்தது, வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் சில வருடங்களில் சார்ஜ் நிற்காமல் போகும் பேட்டரியை என்ன செய்வது? மோட்டார் அறை மூலையிலும் மாட்டுக் கொட்டகைப் பரணிலும் அது கிடக்கிறது. கூடவே சோலார் வேலியின் பேட்டரி, பழைய கைபேசி பேட்டரி, டார்ச் லைட்டின் பேட்டரி. பயிற்சிக் கூட்டங்களில் உரம், விதை பற்றிய கேள்விகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் இப்போது வருகிறது. சிலர் வரப்போரம் புதைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சிலர் உடைத்து ஈயத்தை எடுத்து விற்கிறார்கள்.

இதற்கு ஓரிரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஜப்பானில் ஷிகோகு தீவிலுள்ள நீஹாமா என்ற ஊரைப் பார்த்து வந்தபிறகு, கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. பழைய பேட்டரியிலிருந்து தாமிரம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றைத் திரும்ப எடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதைவிட நமக்கு முக்கியமானது, உலோக ஆலையால் வயல் கருகிய விவசாயிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போராடி, ஆலையின் போக்கையே மாற்றியிருக்கிறார்கள்.

போகும் வழி

ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒகயாமா. அங்கே ஷியோகாசே என்ற விரைவு ரயிலுக்கு மாற வேண்டும். 1988-ல் திறந்த செதோ பெரும்பாலம் வழியாக ரயில் கடலைத் தாண்டுகிறது. மேல்தளத்தில் கார்களும் லாரிகளும், கீழ்தளத்தில் ரயிலும் போகின்றன. மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். பாலத்தைக் கடந்தபின் வலப்பக்கம் கடலும் இடப்பக்கம் மலையுமாக, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய சமவெளியில் ரயில் ஓடுகிறது.

நான் போனது மே மாதக் கடைசி. வழியெல்லாம் வாற்கோதுமை அறுவடை. எஹிமே மாநிலத்தின் இந்தக் கடலோரத்தில், உமி ஒட்டாத வாற்கோதுமை ரகம் நிறைய விளைகிறது. ஜப்பானிலேயே இந்த வகை விளைச்சலில் எஹிமேதான் முதலிடம். சோயாவுடன் சேர்த்துப் புளிக்க வைத்துச் செய்யும் மிசோ என்ற விழுதுக்கு இது போகிறது. வாற்கோதுமை அறுத்த வயலில் அடுத்த சில நாட்களிலேயே தண்ணீர் கட்டி நாற்று நடுகிறார்கள். ஒரு வயலில் கதிர் பொன்னிறமாக நிற்க, பக்கத்து வயலில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. வயல்கள் பெரும்பாலும் சிறியவை. நம் ஊரைப் போலவே வயதானவர்களே அதிகம் கண்ணில் பட்டார்கள்.

நீஹாமா ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் ஊர். அக்டோபரில் அறுவடைக்கு நன்றி சொல்லும் முரசுத் திருவிழா நடக்கும். தங்க நூல் வேலைப்பாடு செய்த பெரிய முரசு மேடைகளை ஊர் ஆண்கள் தோளில் தூக்கி வருவார்களாம். ஊரின் ஒரு முனையில் மலை, மறுமுனையில் ஆலைகள், நடுவில் வயலும் வீடும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும்.

மலையில் கிடைத்த தாமிரம்

மலையின் பெயர் பெஷ்ஷி. 1690-ல் இங்கே தாமிரத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சுமிடோமோ குடும்பம் சுரங்கத்தைத் தொடங்கியது. 1973-ல் மூடும்வரை, சுமார் 280 ஆண்டுகள் ஒரே குடும்பத்தின், பிறகு அதன் நிறுவனத்தின் கையில் சுரங்கம் ஓடியது. மலை உச்சிக்குப் பக்கத்தில் தோண்டத் தொடங்கி, கடைசியில் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 1,000 மீட்டர் ஆழம்வரை போயிருக்கிறார்கள். எடுத்த தாமிரம் 6 லட்சம் டன்னுக்கும் மேல்.

தோனாரு என்ற இடத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். 1916 முதல் 1930 வரை சுரங்கத்தின் தலைமையிடம் இதுதான். கருங்கல் சுவர்களும் தாது சேமித்த பெரிய தொட்டிகளும் காட்டுக்குள் நிற்கின்றன. சுற்றிலும் அடர்ந்த மரங்கள். ஒரு காலத்தில் இந்த மலை மொட்டையாக இருந்தது என்றால் நம்ப முடியாது.

ஆனால் அதுதான் உண்மை. தாதுவை வறுக்கவும் உருக்கவும் விறகு, கரி. சுரங்கத்தைத் தாங்க மரம். போதாததற்குப் புகை. 1890-களில் மலையின் பெரும்பகுதி வெறும் மண்ணாகிவிட்டது. 1899 ஆகஸ்ட் மாதப் பெருமழையில் மலை சரிந்து, ஒரே இரவில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். மரம் இல்லாத சரிவில் பெருமழை பெய்தால் என்ன ஆகும் என்பதை நாமும் மலைப்பகுதிகளில் பார்த்திருக்கிறோம்.

புகை வயலுக்கு வந்தது

1880-களில் உருக்காலையை மலையிலிருந்து நீஹாமா கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரையொட்டிய குன்றின்மேல் அந்தக் காலத்துச் செங்கல் புகைபோக்கி ஒன்று இன்னும் நிற்கிறது. 1888-ல் கட்டிய யாமானே உருக்காலையின் மிச்சம் அது. கீழே நின்று பார்த்தால், வயல்களுக்கு எவ்வளவு பக்கத்தில் புகை வந்தது என்று தெரிகிறது.

பெஷ்ஷித் தாதுவில் தாமிரத்தோடு கந்தகமும் உண்டு. சுட்டால் கந்தக டைஆக்சைடு வாயு கிளம்பும். இலைத்துளை வழியாக உள்ளே போகும் இந்த வாயு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. நரம்புகள் பச்சையாக இருக்க, நடுவிலுள்ள பகுதி வெளுத்துக் காய்ந்துபோகும். வாற்கோதுமை இதை மிகவும் தாங்காத பயிர். நெல்லிலும் பூக்கும் சமயத்தில் வாயு பட்டால் மணி பிடிக்காது, பதராகும். 1893-ல் பயிர் கருகியதைப் பார்த்த விவசாயிகள் திரண்டு வந்து ஆலையிடம் நியாயம் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு பெஷ்ஷியின் பொறுப்பை ஏற்க வந்தவர் இபா தெய்கோ. அவர் எடுத்த முடிவுகள் இரண்டு. ஒன்று, மலையில் மரம் நடுவது. சில ஆண்டுகளிலேயே இது ஆண்டுக்கு 10 லட்சம் கன்றுகளைத் தாண்டியது. தோனாருவில் இன்று நாம் பார்க்கும் காடு அதன் தொடர்ச்சி. மற்றொன்று, உருக்காலையைக் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் இருக்கும் ஷிசாகா தீவுகளுக்கு மாற்றுவது. குடிக்கத் தண்ணீர்கூடப் படகில் போக வேண்டிய தீவு அது. 1905-ல் அங்கே ஆலை முழுமையாக ஓடத் தொடங்கியது.

முதல் முடிவு பலித்தது. இரண்டாவது பலிக்கவில்லை. புகை கடலிலேயே கரைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். காற்று அதை அப்படியே சுமந்து வந்து, முன்பைவிடப் பெரிய பரப்பில், அதுவரை பாதிக்கப்படாத ஊர்களின் வயல்களிலும் இறக்கியது. ஒரு ஊரின் பிரச்சினை பல வட்டாரங்களின் பிரச்சினை ஆனது.

விவசாயிகள் விடவில்லை. பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1910-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் இழப்பீடு தருவதோடு அது நிற்கவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு தாதுதான் உருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் முக்கியமான நாட்களில் உருக்கும் அளவை மேலும் குறைக்க வேண்டும் என்றது. பயிரின் பருவத்துக்கு ஏற்ப ஆலை ஓட வேண்டும் என்று விவசாயிகள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் எனக்கு, இந்தப் பயணத்தில் மிகவும் மனதில் நின்ற செய்தி இதுதான்.

புகையே உரமானது

உற்பத்திக்கு உச்சவரம்பு வந்தபிறகு, புகையைப் பிடிக்காமல் நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. 1913-ல் நீஹாமாவில் சுமிடோமோ உரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கி, அதைப் பாறை பாஸ்பேட்டோடு சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட். நம் நிலக்கடலைக்கு அடியுரமாகப் போடுகிறோமே, அதே சூப்பர் பாஸ்பேட்தான். நம் நாட்டில் அது முதன்முதலில் தயாரானது 1906-ல், ராணிப்பேட்டையில். நீஹாமாவின் அந்த உரத் தொழிற்சாலைதான் பிற்காலத்தில் சுமிடோமோ கெமிக்கல் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1929-ல் தீவிலேயே புதுவகைக் கந்தக அமில ஆலை வைத்தார்கள். அப்போதும் மிஞ்சிய வாயுவை 1939-ல் அம்மோனியா நீரைக் கொண்டு சமன்செய்தார்கள். அதோடு புகைத் தொல்லை முடிவுக்கு வந்தது. 1893-லிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள்.

வெளியே விட்டபோது வாற்கோதுமையைக் கருக்கிய அதே கந்தகம், பிடித்து வைத்தபோது பயிருக்கு உரமானது. பேட்டரி விஷயமும் ஏறக்குறைய இதேதான்.

தாது போய் பேட்டரி வந்தது

சுரங்கம் மூடினாலும் உலோக வேலை நிற்கவில்லை. நீஹாமாவிலும் பக்கத்து ஊரான சைஜோவிலும் சுமிடோமோ மெட்டல் மைனிங் நிறுவனத்தின் ஆலைகள் இருக்கின்றன. சைஜோ கடற்கரையிலுள்ள தோயோ உருக்காலை 1971-ல் தொடங்கியது. நீஹாமாவின் நிக்கல் ஆலை 1939-ல் தொடங்கியது. இப்போது மூலப்பொருள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. நிக்கல், கோபால்ட் கலந்த பொருள் பிலிப்பைன்ஸ் நாட்டின் பலவான், மின்டனாவோ தீவுகளிலிருந்து வருகிறது.

உள்நாட்டில் சுரங்கம் இல்லாத நிலையில், உள்நாட்டிலேயே சேரும் பழைய பேட்டரிமேல் அவர்கள் கண் போனதில் வியப்பில்லை. கணக்குப் பாருங்கள். கைபேசிப் பேட்டரிகளில் அதிகம் பயன்பட்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற கறுப்புப் பொடி 100 கிலோ இருந்தால், அதில் 60 கிலோ கோபால்ட், 7 கிலோ லித்தியம். இவ்வளவு செறிவான தாதுவை எந்தச் சுரங்கத்திலும் தோண்டி எடுக்க முடியாது. இது போகப் பேட்டரிக்குள் தாமிரத் தகடும் அலுமினியத் தகடும் உண்டு.

2017-ல் இந்த இரண்டு ஆலைகளையும் இணைத்து, பழைய லித்தியம் அயனி பேட்டரியிலிருந்து தாமிரத்தையும் நிக்கலையும் எடுக்கத் தொடங்கினார்கள். 2019-ல் கோபால்ட்டையும் எடுக்கும் சோதனை ஆலை நீஹாமாவில் ஓடியது. ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் பேட்டரி செல்களைக் கையாளும் ஆலையை 2026-ல் முடிக்கத் திட்டமிட்டு, 2024-ல் அறிவித்தார்கள். ஆலைகளுக்குள் நான் போகவில்லை. மதில் ஓரச் சாலையில் நடந்து பார்த்ததோடு சரி. ஆனால் முறை என்ன என்பது மறைவான விஷயமல்ல.

முதலில் பேட்டரியை உருக்குகிறார்கள். லித்தியமும் அலுமினியமும் கசடோடு போய்விடும். தாமிரம், நிக்கல், கோபால்ட் மூன்றும் ஒன்றாகக் கலந்த உலோகமாக அடியில் தங்கும். கசடிலிருந்து லித்தியத்தைத் தனியே எடுக்க இன்னொரு வேலை உண்டு. கலந்த உலோகத்தை அமிலத்தில் போட்டு நிக்கலையும் கோபால்ட்டையும் மட்டும் கரைய வைத்து, தாமிரத்தைத் திடப்பொருளாகவே பிரித்துவிடுகிறார்கள். வேறு நாட்டு ஆலைகளில் உருக்காமலேயே, பேட்டரியை நொறுக்கி, கறுப்புப் பொடியை நேராகக் கந்தக அமிலத்தில் கரைக்கும் வழக்கமும் உண்டு.

எந்த வழியில் போனாலும் ஒரு சிக்கலில்தான் வந்து நிற்கும். நிக்கலும் கோபால்ட்டும் கூடப்பிறந்தவை போல. ஒன்று கரையும் இடத்தில் மற்றதும் கரையும். ஒன்று படியும்போது மற்றதும் படியும். இவற்றை எப்படிப் பிரிப்பது?

எண்ணெயும் தண்ணீரும்

இங்கேதான் கரைப்பான் முறை வருகிறது. தவிட்டு எண்ணெய் ஆலைகளை நீங்கள் அறிவீர்கள். தவிட்டில் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயை மட்டும் இழுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் சால்வன்ட் தவிடு மாட்டுத் தீவனத்துக்கு வருகிறது. உலோக ஆலையிலும் கரைப்பான்தான் இழுக்கிறது. ஆனால் இங்கே இரண்டும் திரவம்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினால் கலங்கும். வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயும் பிரிந்து நிற்கும். ஆலையில் கீழே நிற்பது உலோகம் கரைந்த அமிலத் தண்ணீர். மேலே நிற்பது மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய், அதில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கரிமப் பொருள் கலந்திருக்கும். பல ஆலைகள் பாஸ்பரஸ் கொண்ட கரிம அமிலங்களைப் பயன்படுத்துகின்றன. குலுக்கும்போது உலோகம் தண்ணீரை விட்டு எண்ணெய்க்குத் தாவும்.

எந்த உலோகம் தாவும் என்பதைத் தீர்மானிப்பது கார அமில நிலை, அதாவது மண் வள அட்டையில் நாம் எழுதித் தருகிறோமே, அதே பி.எச். மண்ணின் பி.எச். கூடினால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் போகிறது அல்லவா? ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பி.எச். எல்லை இருப்பதுபோல, எண்ணெய்க்குத் தாவ ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. சயனெக்ஸ் 272 என்ற கரைப்பானைப் பயன்படுத்தினால், பி.எச். 5-ஐ ஒட்டி கோபால்ட் எண்ணெய்க்குப் போய்விடும். நிக்கல் தண்ணீரிலேயே தங்கிவிடும். நிக்கலும் தாவ வேண்டுமானால் பி.எச்.-ஐ இன்னும் உயர்த்த வேண்டும். கூடப்பிறந்தவை இரண்டும் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஒரே தடவையில் சுத்தமாகப் பிரியாது. அதனால் கலக்கும் தொட்டி, தெளியும் தொட்டி என்று ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து, எண்ணெய் ஒரு பக்கமிருந்தும் தண்ணீர் எதிர்ப்பக்கமிருந்தும் ஓடும்படி செய்கிறார்கள். முறத்தில் திரும்பத் திரும்பப் புடைத்துத் தூசி நீக்குவது போலத்தான். கடைசியில், கோபால்ட்டைச் சுமந்த எண்ணெயில் செறிவான அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால், உலோகம் மீண்டும் தண்ணீருக்கு இறங்கிவிடும். எண்ணெய் வெறுமையாகி, மறுபடியும் முதல் தொட்டிக்குப் போகும். ஒரே எண்ணெய் சுற்றிச் சுற்றி வேலை செய்வதுதான் இந்த முறையின் சிக்கனம். பேட்டரிப் பொடியை உருக்காமல் நேராகக் கரைக்கும் ஆலைகளில், கடைசியாகத் தண்ணீரில் தங்குவது லித்தியம். அதில் சோடா உப்பைச் சேர்த்துச் சூடாக்கி, லித்தியம் கார்பனேட்டாகப் படிய வைக்கிறார்கள்.

மிச்சம் எங்கே போகிறது?

ஒரு விவசாயி இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உலோகத்தைப் பிடிக்கும்போது அந்தக் கரிமப் பொருள் பதிலுக்கு அமிலத்தைத் தண்ணீரில் விடுகிறது. பி.எச். இறங்காமல் இருக்க காஸ்டிக் சோடா ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் சோடியம் சல்பேட் உப்பு. வேதியியல் கணக்குப்படி, ஒரு கிலோ கோபால்ட்டுக்குக் குறைந்தது 2.4 கிலோ சோடியம் சல்பேட் வெளியே வரும். நிக்கலுக்கும் ஏறக்குறைய அதே அளவு.

சோடியம் மண்ணில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது, நிலம் களராகும். இந்த உப்பைக் காய்ச்சிப் பிரித்துத் தொழிலுக்கு விற்கலாம். அதற்குச் செலவு பிடிக்கும். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் அம்மோனியா ஊற்றும் ஆலைகளில் கிடைப்பது அம்மோனியம் சல்பேட். அதைச் சுத்தப்படுத்தினால் உரம். செலவைத் தவிர்க்க நினைக்கும் ஆலை எதையும் செய்யாமல் ஓடையில் விட்டால், கீழேயுள்ள கிணறுகள் உப்பாகும்.

இதை நான் அதிகம் யோசித்தது சைஜோவில். மேற்கு ஜப்பானின் மிக உயரமான மலை இஷிசுச்சி, 1,982 மீட்டர். அதன் மழைநீர் நிலத்தடியில் இறங்கி, சைஜோவில் தானாகவே மேலே பொங்குகிறது. குழாயைத் தரையில் இறக்கினால் போதும். மோட்டார் இல்லாமலேயே தண்ணீர் வரும். உச்சினுகி என்று அதைச் சொல்கிறார்கள். தெருவோரத்திலும் வீட்டு முற்றத்திலும் இந்த ஊற்றுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. குனிந்து குடித்தேன், நல்ல குளிர்ச்சி. நிலத்தடி நீரை அப்படியே குடிக்கும் ஊரின் கடற்கரையில்தான் உருக்காலை இருக்கிறது. அந்தத் தண்ணீர் கெடக்கூடாது என்பதில் ஆலைக்கும் ஊருக்கும் பங்கு இருக்கிறது.

நிக்கலும் கோபால்ட்டும் பயிருக்கு அந்நியமானவை அல்ல. யூரியாவை உடைக்கும் நொதிக்கு நிக்கல் வேண்டும். பயறு வகையின் வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் தழைச்சத்தை நிலைநிறுத்த கோபால்ட் வேண்டும். ஆனால் இவை மிக மிகக் கொஞ்சம் போதும். அளவு மீறினால் வேர் வளர்ச்சி நின்று, இலை வெளுக்கும். மண்ணில் சேர்ந்த கன உலோகத்தை மீண்டும் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

நம் பகுதியில் பேட்டரி மறுசுழற்சி ஆலை வருகிறது என்றால், எதிர்க்கவோ ஏற்கவோ முன் கிராம சபையில் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த வகைப் பேட்டரி வரும்? ஈய அமிலமா, லித்தியமா, இரண்டுமா? ஈயத்துக்கு உருக்கும் உலைதான். அதன் தூசியும் புகையும் தனிப் பிரச்சினை.

2. சோடியம் சல்பேட் நாளொன்றுக்கு எவ்வளவு வரும்? காய்ச்சி எடுப்பார்களா? யாருக்கு விற்பார்கள்?

3. கரைப்பான் எண்ணெய் எவ்வளவு சேமிப்பில் இருக்கும்? தீயணைக்க என்ன ஏற்பாடு? ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் சுரங்க ஆலையில் இந்தக் கரைப்பான் பிரிவில் 1999-லும் 2001-லும் பெரிய தீ விபத்துகள் நடந்திருக்கின்றன.

4. கழிவுச் சேறும் கசடும் எந்த அங்கீகாரம் பெற்ற இடத்துக்குப் போகும்?

5. ஆலை தொடங்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீரையும் வயல் மண்ணையும் பரிசோதித்து, அறிக்கையை ஊராட்சியில் வைப்பார்களா?

ஐந்தாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியம். முன்பு எப்படி இருந்தது என்ற அறிக்கை கையில் இல்லாவிட்டால், பின்னால் கெட்டது என்று நிரூபிக்க முடியாது.

நம் வீட்டுப் பேட்டரிக்கு வருவோம்

நம் நாட்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. தயாரித்து விற்பவர்களே பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. நிலத்தில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது நம் பொறுப்பு. பேட்டரியின்மேல் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்த படம் இருப்பது இதற்காகத்தான்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை சில:

*பேட்டரிக்குள் இருக்கும் கறுப்புப் பொடியில் மாங்கனீசு, துத்தநாகம் இருக்கிறதாமே, நுண்ணூட்டமாகப் போடலாமா?*
கூடாது. அதோடு நிக்கல், கோபால்ட், சில வகைகளில் காட்மியமும் இருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணை ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கு உச்சவரம்பு வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. காட்மியம் நெல்மணி வழியாக நம் சோற்றுக்கே வந்துவிடும்.

*ஈய அமில பேட்டரியின் அமிலத்தைக் களர் நிலத்தில் ஊற்றினால் நிலம் திருந்துமா?*
அமிலம் களரைக் குறைக்கும் என்பது பாடப்புத்தகத்தில் சரி. பேட்டரி அமிலத்தில் ஈயம் கரைந்திருக்கிறது. களருக்கு மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் தேக்கி வடிப்பதே வழி.

*ஈயத்தை வீட்டிலேயே உருக்கி எடுக்கலாமா?*
வேண்டாம். அந்தத் தூசியும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் விழுந்த ஈயத் தூசி வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கோழி கொத்தும், குழந்தை தவழும்.

*லித்தியம் பேட்டரி உப்பிவிட்டது, என்ன செய்வது?*
சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே தீப்பிடித்தால் நச்சு வாயு வரும். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ இரும்புப் பெட்டியிலோ வைத்து, வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் தள்ளி வையுங்கள். சீக்கிரம் ஒப்படையுங்கள்.

*பழைய இரும்புக் கடையில் போடலாமா?*
அவர் முழுப் பேட்டரியாகவே அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்புகிறாரா, பின்கட்டில் உடைக்கிறாரா என்று பாருங்கள். உடைப்பவரிடம் போடாதீர்கள். ஈய அமில பேட்டரிக்குப் பெரும்பாலான கடைகளில் பழையதற்கு விலை கழித்துத் தருகிறார்கள். எல்லா லித்தியம் பேட்டரிக்கும் விலை கிடைக்காது. இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. அதனால் வாங்குவோருக்கு ஆர்வம் குறைவு. விலை வராவிட்டாலும் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஒரு வீட்டில் ஒரு பேட்டரி என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு மூலையில் மூடி போட்ட பெட்டி வைத்து, ஊரின் பழைய பேட்டரிகளை மொத்தமாகச் சேர்த்தால், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். ஈய அமிலத்தையும் லித்தியத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். சேர்த்த தேதி, எண்ணிக்கை, எடுத்துப் போனவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதுவரை, தெளிப்பானுக்குப் புது பேட்டரி வாங்கப் போகும் அன்று பழையதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.